சோழியும் சுவடியும்: வாக்கியக் கணிதத்தை ஆராய்ந்த நிறுவனங்கள்

2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்று தொலைக்காட்சிகள் நாள்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தன. திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ, தாங்கள் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவதால் பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்தது. ஆலங்குளம் கமிஷன் கடைகளிலும் டீக்கடைகளிலும், கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற வீடுகளிலும் "எதைத்தான் நம்புறது?" என்ற பேச்சாகவே இருந்தது.

இந்த மலரில் நம் வட்டாரத்துப் பள்ளிகள், கோயில்கள், சந்தை பற்றி மற்றவர்கள் எழுதுகிறார்கள். சென்னையில் இருக்கும் இரண்டு சிறிய ஆராய்ச்சி நிறுவனங்களைப் பற்றி நான் எழுதுகிறேன். நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் பஞ்சாங்கத்தின் கணக்கு எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன காரணம் இருக்கிறது என்று பொறுமையாகத் தேடியவர்கள் அங்கே இருந்தார்கள்.

வாக்கியக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சந்திரன் வானத்தில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. பூமிக்குத் தொலைவில் இருக்கும்போது ஒரு நாளில் ஏறக்குறைய 12 பாகை போகும், அருகில் வரும்போது 14 பாகையையும் தாண்டும். இந்த வேக மாற்றம் சுமார் இருபத்தேழரை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது. அப்படி ஒன்பது சுற்று முடிய 248 நாள். அதனால் 248 நாளுக்கும் தனித்தனியாகச் சந்திரன் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, அந்த எண்களை எழுத்துகளாக மாற்றி, நாளுக்கு ஒரு சிறு வாக்கியமாக வைத்தார்கள். இது கடபயாதி முறை. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். முதல் வாக்கியத்தைப் பிரித்தால் 12 பாகை 3 கலை வரும். 248-ஆம் வாக்கியம் 27 பாகை 44 கலை. சந்திரனின் சராசரி வேகத்தை 248-ஆல் பெருக்கி, முழுச் சுற்றுகளைக் கழித்துப் பார்த்தால் இன்றைக்கும் அதே 27 பாகை 44 கலைதான் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கால்குலேட்டரில் சரிபார்க்கலாம். இந்த வாக்கியங்களை வரருசி செய்தார் என்பது மரபு.

வெளியிலிருந்து இதை முதலில் உற்றுப் பார்த்தவர்களுள் ஒருவர் லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார். அன்று வானம் மூடிவிட்டது. ஆனால் அங்கே தங்கியிருந்த காலத்தில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொல்லியிருந்தது. அன்றைய ஐரோப்பாவில் பெயர்பெற்ற டோபியாஸ் மாயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொல்லியிருந்தது.

அடுத்து வந்தவர் ஜான் வாரன். சென்னை வானாய்வகத்தில் பொறுப்பு வகித்தவர். 1825-இல் சென்னையில் வெளிவந்த அவருடைய 'கால சங்கலித'த்தில் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் வருகிறார். வாரனுக்குக் காதில் விழுந்தபடி அவர் பெயர் 'சாமி நாடென் சசியா'. அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைக் கொண்டு, 1825 மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். ஏடோ தாளோ எதுவும் இல்லை. தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிசகின. கணக்கின் காரணம் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரிந்த கூட்டம் கலைந்த பின்னும், பல நூற்றாண்டுக் கணக்கை ஒருவர் நெஞ்சில் சிதையாமல் சுமந்திருக்கிறார் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

வாரனின் நூல் நெடுங்காலம் தூங்கியது. 1952-இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆட்டோ நொய்கெபாவர் 'தமிழ் வானியல்' என்று தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனிய வானியல் களிமண் பலகைகளை ஆராய்வதில் முன்னணி அறிஞர் அவர். அந்தப் பலகைகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸிலும் இதே 248 நாள் சுழற்சி இருக்கிறது என்று காட்டினார். யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற வழக்கு தனி. களிமண்ணிலும் பாப்பிரஸிலும் மட்டுமே எஞ்சியதாக அவர் கருதிய ஒரு முறை, 1825-இல் புதுச்சேரித் தரையில் சோழிகளில் உயிரோடு இருந்திருக்கிறது என்பதுதான் அவரை அசைத்தது.

இங்கேதான் நம் நிறுவனங்கள் வருகின்றன. மயிலாப்பூரில் குப்புசாமி சாஸ்திரி ஆராய்ச்சி நிறுவனம் 1944-இல் தொடங்கப்பட்டது. பெரிய நிதி இல்லை, பெரிய கட்டடமும் இல்லை. அந்த நிறுவனம்தான் 1962-இல் 'வாக்கியகரணம்' என்ற மூலநூலைச் சுந்தரராஜரின் உரையோடு அச்சிட்டது. பதிப்பித்தவர்கள் டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களின் அடிப்படை அந்த நூல். உரைகாரர் சுந்தரராஜர் தமிழ்நாட்டவர். கேரளத்து நீலகண்ட சோமயாஜியிடம் வானியல் ஐயங்களைக் கேட்டு விடை பெற்றவர். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறிவு போய்வந்திருக்கிறது. செங்கோட்டை வழியாக மிளகும் தேங்காயும் போய்வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் வியப்பு இருக்காது.

கே.வி. சர்மா 1919-இல் செங்கன்னூரில் பிறந்தவர். இயற்பியலில் பட்டமும் சமஸ்கிருதத்தில் முதுகலையும் பெற்றவர். இந்த இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததால்தான் இந்த வேலை நடந்தது என்பது என் கருத்து. மொழி மட்டும் தெரிந்தவர் கணக்கில் தடுமாறுவார், கணக்கு மட்டும் தெரிந்தவருக்கு ஏடு திறக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சுவடி அட்டவணைப் பணியில் இருந்து, பஞ்சாபின் ஹோஷியார்பூர் சமஸ்கிருத ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராகி, பிறகு அடையாறுக்கு வந்து ஸ்ரீ சாரதா கல்விச் சங்கத்தின் ஆராய்ச்சி மையத்தை அமைத்தார். கேரளத்து வானியலாளர் சங்கமகிராம மாதவரின் 'வேண்வாரோகம்' 1956-இல் அவர் பதிப்பித்துத்தான் வெளிவந்தது. ஒரு நாளில் ஒன்பது முறை சந்திரனின் இடத்தைச் சொல்லும் நூல் அது. 2002-இல் வெளியான அவருடைய அட்டவணை, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள சமஸ்கிருத அறிவியல் நூல்கள் 3,473 என்றும் அவற்றின் சுவடிகள் 12,244 என்றும் கணக்குக் காட்டியது. அவற்றில் அச்சேறியவை மிகச் சில.

2005 ஜனவரியில் அவர் மறைந்தபோது, 'யுக்திபாஷை'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு இன்னும் அச்சாகவில்லை. கணக்கின் காரணங்களை மலையாளத்தில் விளக்கும் பதினாறாம் நூற்றாண்டு நூல் அது. கே. ராமசுப்பிரமணியன், எம்.டி. ஸ்ரீனிவாஸ், எம்.எஸ். ஸ்ரீராம் ஆகியோரின் விளக்கங்களோடு 2008-இல் வெளிவந்தது. இம்மூவரும் வெங்கடேஸ்வர பை என்பவரோடு சேர்ந்து 2018-இல் 'கரணபத்ததி'யை வெளியிட்டார்கள். வாக்கியங்களை எப்படி உண்டாக்குவது என்று சொல்லும் நூல் அது. புதுச்சேரிக்காரருக்குத் தெரியாமல் போன காரணம் அங்கே படிப்படியாக இருக்கிறது. சர்மாவின் பணி இப்போது அவர் பெயரிலான ஆராய்ச்சி அறக்கட்டளை மூலம் சென்னையில் தொடர்கிறது.

சனிப்பெயர்ச்சிக் கேள்விக்கு வருகிறேன். வாக்கியத்தின் பழைய எண்களில் இருக்கும் சிறு பிசகு நூற்றாண்டுகளில் வளரும். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் 1431-இல் வானத்தைப் பார்த்து எண்களைத் திருத்தினார். சென்னை வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டவர், நவீன எண்களோடு திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். வானத்தில் சனி நிற்கும் இடம் வேண்டுமென்றால் திருக்கணிதத்தைப் பாருங்கள். கோயில் மரபுப்படி விழா எடுக்க வேண்டுமென்றால் வாக்கியம். திருத்திக்கொள்வதும் நம் மரபில் இருந்ததே என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

ஆலங்குளம், தென்காசி, கடையம் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் ஏட்டுக் கட்டுகள் இருந்தால் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டுவிடாதீர்கள். பூச்சி அரித்திருந்தாலும், எழுத்துப் புரியாவிட்டாலும், நூலை அவிழ்க்காமல் வையுங்கள். சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகச் சுவடித் துறை இருக்கிறது. ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள்.