கல்வராயன் மலைக்கு சுதந்திரம் எப்போ?

சரித்திரப் பாடத்துல தூங்கி வழிஞ்சவங்க கூட டக்குனு சொல்லிடுவாங்க, இந்தியாவுக்கு சுதந்திரம் 1947 ஆகஸ்ட் 15. சரி, சின்னசேலத்துக்கு வடக்கே தெரியற மலைக்கு? 1976 ஜூன் 25. நடுவுல கிட்டத்தட்ட 29 வருஷம் எங்க போச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல வழியைச் சொல்லிடறேன். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில சின்னசேலம் ஸ்டேஷன். இறங்கி வடக்கால பார்த்தா நீலமா ஒரு மதில் மாதிரி நிக்கறதுதான் கல்வராயன் மலை. கல்ராயன்னும் எழுதுவாங்க. கிழக்குத் தொடர்ச்சி மலையோட ஒரு துண்டு. கச்சிராயபாளையம் வரைக்கும் மரவள்ளியும் கரும்புமா போகும். அப்புறம் கோமுகி அணை, அதைத் தாண்டினா மலைப்பாதை. அடிவாரத்துல முள்ளுக்காடு, 400 மீட்டருக்கு மேல இலையுதிர் காடு, உச்சியில புல்வெளியும் சோலையும். கரியாலூர், வெள்ளிமலைன்னு பஸ் போகுது. மேகம் அருவிக்கு மட்டும் காலை நம்பித்தான் போகணும். பாறை, வேர், சறுக்கற சருகு. பள்ளத்தாக்குல இறங்க இறங்க செல்போன்ல சிக்னல் ஒவ்வொரு கோடா செத்துடுது.

இந்த மாதிரி இடத்தைப் பார்த்ததும் "மனிதன் கை படாத காடு"ன்னு எழுதறது நம்ம வழக்கம். ஆனா பாதையோரத்தைக் கவனிச்சுப் பாருங்க. சரிவுல சாமைக் கொல்லை, அதுக்கு மேல கடுக்காய் மரம், நடுவுல ஒரு குலசாமி. நிறைய கை பட்ட காடுதான் இது.

அந்தக் கைகள் மலையாளிகளோடது. கேரளா இல்லைங்க :-) மலையை ஆள்பவர்கள் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வம்சம் என்பது அவங்க வழிவழியா சொல்ற கதை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைன்னு மலைக்கு மலை கதை கொஞ்சம் மாறும், காஞ்சிபுரம் மட்டும் மாறாது.

இவர்களுக்கு மேல ஜாகிர்தார்கள். தென்னாற்காடு பக்கம் மூன்று ஜாகிர்: சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர். விஜயநகர கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509 - 1529) காலத்திலிருந்து வந்த உரிமை என்பது அவங்க தரப்புச் செய்தி. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கம்பெனி கைக்கு வந்தது. 1801-ல் நவாபிடமிருந்து ஆற்காடு வந்தது. ஒரே மலை, ரெண்டு ஜில்லா! வெள்ளைக்காரனுக்கு மலை மேல பெரிசா வருமானம் இல்லை, மலேரியா பயம் வேற. அதனால ஜாகிர்தார்களை அப்படியே விட்டுட்டான். 1906-ல் வந்த பிரான்சிஸின் தென்னாற்காடு கெஜட்டியரிலும் இந்த ஜாகிர்கள் இருக்கு.

விட்டதோட விளைவு என்னன்னா, கீழே ரயத்துவாரி சர்வே நடந்து குடியானவன் பேருக்குப் பட்டா வந்தப்போ, அது மலை ஏறலை. உழறவனுக்கும் சர்க்காருக்கும் நடுவுல ஜாகிர்தார் இருந்தார். அவருக்கு வரியும் கொடுக்கணும், அவர் நிலத்துல கூலியில்லாம வெட்டி வேலையும் செய்யணும். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து சமவெளி ஜமீன்கள் ஒவ்வொண்ணா போயிடுச்சு. மலை ஜாகிர் மட்டும் தாக்குப் பிடிச்சது. எமர்ஜென்சி நேரத்துல, 1976 ஜூன் 25-ல்தான் அரசாங்கம் முழுசா எடுத்துக்கிட்டது. நாடு முழுக்க கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே 1976-ல்தான்.

அதோட சுபம் போட முடியலை. ஜாகிர்தார் போனார், அந்த இடத்துல வனத்துறை வந்தது. தாத்தா காலத்துலேருந்து உழுத கொல்லைக்குக் காகிதம் இல்லாதவன், காப்புக்காட்டுல ஆக்கிரமிப்பாளன் ஆயிட்டான். இதைச் சரிசெய்யத்தான் 2006-ல் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலேருந்து காட்டு நிலத்தை உழுதுவர்ற பழங்குடிக்கு அந்த நிலத்துல உரிமை உண்டு. ஆனா தமிழ்நாட்டுல ஒரு கோர்ட் உத்தரவால உரிமைப் பத்திரம் கொடுக்கறது பல வருஷம் தேங்கி, 2016-க்கு அப்புறம்தான் நகர ஆரம்பிச்சது. 1976-லேருந்து எண்ணினா இன்னொரு 40 வருஷம்.

2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சு. 2024 ஜூன்ல விஷச் சாராயத்துக்கு அங்க 60 பேருக்கு மேல பலியானப்போ எல்லார் கண்ணும் மலைப்பக்கம் திரும்பிச்சு. சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து, மலை மக்களுக்கு ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கேன்னு கேட்டுச்சு. ஜாகிர் கதையும், அந்த 1976 தேதியும் கோர்ட்ல பேசப்பட்டது அப்போதான். ரோடு இல்லாத ஊர்கள்ல பிரசவ வலி வந்தா தூளி கட்டித் தூக்கிட்டு இறங்கணும்ங்கறது கதையில்லை, நடைமுறை.

"ரோடு போட்டா காடு அழிஞ்சிடுமே"ன்னு கேக்கலாம். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தப் பள்ளத்தாக்கு அப்படியே இருக்கணும்னுதான் ஆசை. ஆனா அதுக்கும் 2006 சட்டத்துலயே கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. சாலை, பள்ளி, மருத்துவமனை, குடிநீர் மாதிரி தேவைகளுக்கு ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவா, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல வெட்டாம, கிராம சபை பரிந்துரையோட காட்டு நிலம் கொடுக்கலாம். 75 மரம்! சனி, ஞாயிறு ஒதுங்கிக்க நமக்கு ஒரு அமைதியான காடு வேணும்ங்கறதுக்காக, ஒரு பொண்ணு தூளியில இறங்கிட்டே இருக்கணும்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

டிஸ்கி: போறவங்க ஆடி, ஆவணி தாண்டி, மழை ஓய்ஞ்ச நாளாப் பார்த்துப் போங்க. அருவிப் பாதைக்கு வனத்துறைகிட்ட கேட்டுக்கிட்டு, ஊர்க்காரர் ஒருத்தரைத் துணைக்குக் கூட்டிக்கோங்க, அவருக்கு உண்டான கூலியைப் பேரம் பேசாம கொடுங்க. கடுக்காய், தேன் வாங்கறதா இருந்தா கீழே டவுன்ல வேண்டாம், மலை மேலயே வாங்குங்க.