தோள்சீலைக் கலகம்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியில், இன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த கல்குளம், இரணியல் முதலிய இடங்களில், நாடார் குலப் பெண்கள் மேலாடை அணியும் உரிமை பற்றி 1822 முதல் 1859 வரை விட்டுவிட்டு நிகழ்ந்த கிளர்ச்சி.

ஆடை முறைகள்: அக்காலத்துத் திருவிதாங்கூரில் ஒருவருடைய உடை, அவர் வாய் திறப்பதற்கு முன்னரே அவரது ஜாதியை அறிவித்துவிடும் அடையாளமாகக் கருதப்பட்டது. நாடார்கள் குடை பிடித்தலும், பாதரட்சை தரித்தலும், பொன்னகை பூணுதலும், அவர்தம் பெண்கள் குடத்தை இடுப்பில் ஏந்திச் செல்லுதலும் விலக்கப்பட்டிருந்தன. அப்பெண்களின் ஆடை இடைக்குமேல் ஏறவும் முழங்காலுக்குக்கீழ் இறங்கவும் கூடாதென்பது வழக்கம். மேல்ஜாதிப் பெண்களும் இக்கட்டுக்கு முற்றிலும் புறம்பானவர் அல்லர். நாயர் மகளிர் நம்பூதிரிகளின் முன்னும் தெய்வ சந்நிதியிலும் மேல்வஸ்திரத்தை நீக்கி நிற்றலே மரியாதை எனப்பட்டது. ஆதலின் மார்பு திறந்திருத்தலை நாணமின்மை என்று எழுதிவைத்த ஐரோப்பியர், அது தாழ்ச்சியைத் தெரிவிக்கும் குறி என்பதை உணராது போயினர்.

இக்கலகத்தில் மூவகை ஆடைகள் பேசப்படுகின்றன. முதலாவது, மார்பின் குறுக்கே இட்டுத் தோள்மீது வீசிப் போடப்படும் மெல்லிய வஸ்திரம். தோள்சீலை என்னும் இதனை நாயர் முதலிய உயர்குலத்தார் தமக்கே உரியதெனக் கொண்டனர். இரண்டாவது, சிரியன் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களும் அணிந்துவந்த குப்பாயம் என்னும் தைத்த சட்டை. மூன்றாவது, கடற்கரையில் வாழும் முக்குவப் பெண்கள் மார்பைச் சுற்றிக் கட்டிக்கொண்ட முரட்டுத் துணி. மானத்தைக் காப்பதில் இம்மூன்றனுள் சிறிதும் பேதமில்லை; இருந்தும், முதலாவதன்பொருட்டே ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது, ஜெபாலயங்களும் பள்ளிகளும் எரியுண்டன.

வரலாறு: 1806இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார் லண்டன் மிஷன் ஊழியத்தைத் தொடங்கியபின், நாடார்களுட் பலர் கிறிஸ்து மதத்தைத் தழுவினர். பிரிட்டிஷ் ரெசிடெண்டும் சிலகாலம் திவானுமாக விளங்கிய கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் குப்பாயம் அணியலாமென்றும், நாயர் மகளிரைப்போல் தோள்சீலை இடலாகாதென்றும் 1814இல் உத்தரவிட்டார். நாகர்கோவிலில் மீட், மால்ட் என்னும் பாதிரிமாரின் மனைவியர் பெண்களுக்குக் கல்வியோடு தையலும் பின்னல் வேலையும் கற்பித்து, தளர்ந்த சட்டை ஒன்றையும் அமைத்துக் கொடுத்தனர். ஆயினும் அப்பெண்கள் அச்சட்டையோடு அமையாமல், அதன்மேல் தோள்சீலையையும் இட்டுக்கொண்டு வெளிவந்தனர். கலகம் மூண்டதற்குக் காரணம் இதுவே. இத்துணிவு பாதிரிமார் கற்பித்ததன்று, அப்பெண்களுக்கே உரியது.

1823இல் பத்மநாபபுரம் நீதிமன்றம் சட்டை அணிவதற்குச் சார்பாகத் தீர்ப்பளித்தும் பூசல் ஓயவில்லை. 1829 பிப்ரவரி 3இல் ராணி கௌரி பார்வதி பாயி வெளியிட்ட பிரகடனம், சட்டையை அனுமதித்துத் தோள்சீலையை மறுத்தது. 1858 நவம்பரில் விக்டோரியா மகாராணியார், பிரஜைகளின் மத விஷயங்களில் தலையிடுவதில்லையென அறிக்கை விடுத்தபோது, அதனைப் பழைய வழக்கங்களுக்குக் கிடைத்த காப்பாகப் பொருள்கொண்ட மேல்ஜாதியினர் மீண்டும் தாக்குதலில் இறங்கினர். திவான் மாதவராவ் வழக்கத்தின் பக்கமே சாய்ந்திருந்தார். சென்னைக் கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் வற்புறுத்தியதன் பயனாக, உத்திரம் திருநாள் மகாராஜா 1859 ஜூலை 26இல் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார். எம்மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் சட்டை அணியலாம், முக்குவப் பெண்களைப்போல் முரட்டுத் துணி சுற்றலாம், வேறு எவ்விதத்திலேனும் மார்பை மறைக்கலாம். உயர்குலப் பெண்கள் இடும் முறையில் மட்டும் இடலாகாது என்பது அதன் சாரம். உரிமையை ஒரு கையால் வழங்கி, அந்தஸ்தை மறு கையால் இறுகப் பற்றிக்கொண்ட இவ்வாணை, அரசாங்க சாமர்த்தியத்துக்கு நல்லதோர் உதாரணம். 1865இல் இவ்வனுமதி ஏனைய கீழ்ஜாதிப் பெண்களுக்கும் நீட்டிக்கப்பட்டது.

இதே காலத்தில் சாமித்தோப்பில் வாழ்ந்த வைகுண்ட சுவாமிகள் (1809–1851) தம்மை அடைந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் செய்தார். அவர் வழிவந்த அய்யாவழியினரின் வழிபாட்டிடங்களான பதிகளில் ஆண்கள் இன்றும் தலைப்பாகையுடனேயே வழிபடுகின்றனர். கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் 1915இல் எழுந்த கிளர்ச்சியில், புலையர் தலைவர் அய்யன்காளியின் சொற்படி, அக்குலப் பெண்கள் தம் ஜாதிக்கு விதிக்கப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இக்கலகம் பற்றிய பாடம் மத்திய அரசின் ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் பாடநூலிலிருந்து 2019இல் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் நடைபெற்ற 200ஆம் ஆண்டு விழாவில் தமிழ்நாடு, கேரள முதலமைச்சர்கள் இருவரும் கலந்துகொண்டனர்.