சாத்தான் வீட்டுச் சுவர்

'தி டெவில்ஸ் அட்வகேட்' படம் பார்த்தவர்களுக்கு அல் பசினோவின் வீட்டுச் சுவர் நினைவிருக்கும். சுழலுக்குள்ளிருந்து எழுவதுபோல ஆணும் பெண்ணுமாய் நிர்வாண உருவங்கள் கொண்ட பெரிய வெண்ணிறப் புடைப்புச் சிற்பம். கடைசிக் காட்சியில் அவை உயிர்பெற்று ஒன்றையொன்று தழுவி நெளியும். அந்தச் சுவர்தான் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தை நீதிமன்றத்திற்கு இழுத்தது!

ஆண்ட்ரூ நைடர்மேன் 1990ல் எழுதிய நாவலைத் தழுவி, டெய்லர் ஹாக்ஃபோர்ட் இயக்கத்தில் 1997 அக்டோபரில் வெளிவந்த படம் இது. ஃப்ளோரிடாவில் ஒரு வழக்கில்கூடத் தோற்காத இளம் வக்கீல் கெவின் லோமாக்ஸ் (கியானு ரீவ்ஸ்). கட்சிக்காரன் குற்றவாளி என்று தெரிந்தும் ஜெயித்துக் காட்டுகிறான். உடனே நியூயார்க்கில் பெரிய சம்பளம், பெரிய வீடு. முதலாளி ஜான் மில்டனோ சாட்சாத் சாத்தான். ('இழந்த சொர்க்கம்' பாடிய ஆங்கிலக் கவிஞரின் பெயரைச் சாத்தானுக்கே வைத்தது நல்ல குறும்பு.)

இனி நிஜ வழக்கு. வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் நடு வாசலுக்கு மேலே 'எக்ஸ் நிஹிலோ' என்றொரு சிற்பம் இருக்கிறது. 'இன்மையிலிருந்து' என்று பொருள். கடவுள் ஒன்றுமில்லாததிலிருந்து மனிதரைப் படைத்த கணம் அது. செதுக்கியவர் ஃப்ரெடரிக் ஹார்ட். அதே பேராலயத்தில் கல் செதுக்கும் தொழில் பழகியவர். இந்தச் சிற்பத்துக்காக வருடக்கணக்கில் உழைத்தார். அதைப் போன்ற ஒன்று சாத்தான் வீட்டில் தொங்குவதையும், படைப்பின் கணம் காமக் களியாட்டமாக மாறுவதையும் திரையில் பார்த்தால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஹார்ட்டும் பேராலயமும் சேர்ந்து பதிப்புரிமை வழக்குத் தொடுத்தார்கள். படம் தியேட்டர்களில் ஓடி முடிந்துவிட்டது. ஆனால் வீடியோ கேசட் வெளிவர வேண்டிய நேரம். பெரிய நிறுவனத்துக்கு உண்மையில் வலிக்கும் இடம் அதுதான். 1998 பிப்ரவரியில், சமரசம் ஏற்படாவிட்டால் கேசட் வெளியீடு தள்ளிப்போகும் என்ற நிலையை நீதிமன்றம் உண்டாக்கியது. வார்னர் பிரதர்ஸ் இறங்கி வந்தது. ஏற்கனவே தயாராகிவிட்ட கேசட்டுகளில், படத்தில் வரும் சிற்பத்துக்கும் ஹார்ட்டின் படைப்புக்கும் சம்பந்தமில்லை என்று ஸ்டிக்கர் ஒட்டுவது, அடுத்த பிரதிகளில் அந்தக் காட்சியையே மாற்றிவிடுவது என்று முடிவானது.

பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் காட்சியையே மாற்ற வைத்ததுதான் இதில் பெரிய விஷயம். எந்த வாதத்தையும் ஜெயிக்கும் வக்கீலைப் பற்றிப் படமெடுத்தவர்கள் நிஜத்தில் விசாரணைக்கே போகாமல் சமரசம் செய்துகொண்டார்கள்.

ஹார்ட் 1999ல், 55 வயதில் காலமானார். பிற்காலப் பிரதிகளில் கடைசிக் காட்சிச் சுவர் வேறு மாதிரி இருக்கும். ஸ்டிக்கர் ஒட்டிய பழைய கேசட் எங்காவது கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.