ஆத்துத் தண்ணி சுத்தம்னு யார் சொன்னது?

இந்த எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். இன்ஜினியரிங் முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேப்ல, தண்ணியில கரைஞ்சிருக்கிற ஆக்சிஜனை அளக்கணும். 1888-ல் ஹங்கேரியைச் சேர்ந்த லயோஷ் விங்க்ளர் கண்டுபிடிச்ச முறை. எனக்கு ரீடிங் சரியா வரல. சீனியரோட ரெக்கார்டைப் பார்த்து எழுதிட்டேன், முழு மார்க் வாங்கிட்டேன். அந்தத் தண்ணி எங்கேருந்து வந்ததுன்னு நான் கேட்கவே இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்ட பசங்களோட கதைதான் இன்னைக்கு.

1984. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் நகரம். அங்கே ஓடுற ஹ்யூரான் ஆத்துல, பாய் கட்டின பலகை மேல நின்னு விளையாடுற விண்ட்சர்ஃபிங் போன சில பள்ளி மாணவர்களுக்கு ஹெபடைட்டிஸ் ஏ வந்தது. கல்லீரலைத் தாக்குற வைரஸ் அது. மலம் கலந்த தண்ணி வழியா பரவும்.

கூடப் படிக்கிறவங்க படுத்துட்டாங்க. ஹ்யூரான் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப்போட துணையோட ஆத்துத் தண்ணியை எடுத்துச் சோதிக்க ஆரம்பிச்சாங்க.

வைரஸைத் தேடிப் பிடிக்கிறது பள்ளி லேப்ல நடக்காத காரியம். அதனால, மலத்தோட சேர்ந்தே வர்ற கோலிஃபார்ம் பாக்டீரியாவைத் தேடுவாங்க. வழக்கமான முறை இதுதான்: தண்ணியை நுண்ணிய வடிகட்டியில ஊத்தி, அதை ஊட்டச்சத்து கலவை மேல வெச்சு, 44.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 24 மணி நேரம் விடணும். ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு நீலப் புள்ளியாகும். புள்ளிகளை எண்ணினா போதும். 100 மில்லிக்கு சராசரி 200-ஐத் தாண்டினா குளிக்க ஆகாதுங்கிறது அந்தக் கால அமெரிக்க அளவுகோல்.

ஆத்துல கிருமி அதிகம்னு தெரிஞ்சுது. ஆனா அவங்க அந்த எண்ணோட நிக்கல. எங்கேருந்து வருதுன்னு தேடிப் போனாங்க. மேல்புறத்துல, மழைநீர் வடிகால்கள்ல கோளாறு. உள்ளாட்சி நிர்வாகத்தோட பேசி, அதைச் சரிசெய்யற வேலையிலயும் இறங்கினாங்க. நம்ம பாஷையில சொன்னா, எரர் மெசேஜைப் பார்த்துட்டு டேபை மூடல. பக் எங்கேன்னு கண்டுபிடிச்சாங்க.

இது ஒரு பள்ளியோட முடியல. 1987-ல் டெட்ராய்ட் பக்கம் ரூஜ் ஆத்துக்குப் போச்சு. மேல மிதந்த எண்ணெயில 1969-ல் தீப்பிடிச்சு எரிஞ்ச ஆறு அது. நகரப் பள்ளிகளும் புறநகர்ப் பள்ளிகளும் ஒரே ஆத்தை வேற வேற இடத்துல சோதிச்சு, முடிவுகளை கம்ப்யூட்டர் வழியா பகிர்ந்துக்கிட்டாங்க. வீட்டுக்கு இன்டர்நெட் வராத காலம்! கீழ இருக்கிறவன் தண்ணியில என்ன கலந்திருக்குன்னு, மேல இருக்கிறவனும் பார்க்க வேண்டியதாச்சு. 1989-ல் இதுலேருந்து 'கிரீன்' என்ற உலகளாவிய நதிக் கல்வி வலையமைப்பு பிறந்தது.

நான் யோசிச்சுப் பார்க்கிறேன். அந்த வகுப்புல நான் இருந்து, பக்கத்து நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதியிருந்தா? அன்னைக்கு என் லேப்ல ஒரு பொய் எண்ணால யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஹ்யூரான் ஆத்துல ஆகியிருக்கும்.

நீங்க இப்போ காலேஜ்ல இருந்தா, அடுத்த லேப்ல ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "சார், இது எந்த ஊர் தண்ணி?"

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.