நல்லெண்ணெயும் நரம்பும்: 1977–78 மலையக நஞ்சேற்றம் பற்றிய ஒரு குறிப்பு

1977, 1978ஆம் ஆண்டுகளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட தமிழ்ப் பெண்கள், பெரும்பாலும் சிறுமியர், கைகால் வலுவிழந்து நோயுற்றனர். கெண்டைக்காலில் வலி தோன்றும், பின்னர் பாதம் தொங்கும், கைகளும் தளரும். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் கொடுத்து உடல் தேற்றுவது நம் மக்களின் நெடுநாள் வழக்கம். நோயின் தடம் அந்த எண்ணெயிடமே சென்றது. நிமால் சேனநாயக்கவும் ஜே. ஜெயரத்தினமும் 1981இல் ‘லான்செற்’ இதழில் எழுதிய கட்டுரை, எண்ணெயில் ட்ரைகிரெசைல் பொசுபேற்று என்னும் கைத்தொழில் இரசாயனம் கலந்திருந்ததை வெளிப்படுத்தியது. முன்னர் கனிய எண்ணெய் வைத்திருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெய் கொண்டுசெல்லப்பட்டபோது நஞ்சு கலந்திருக்கக்கூடும் என்பது அவர்கள் கருத்து.

இந்நஞ்சு செய்வதை விளங்கிக்கொள்ள, நரம்புக்கலங்கள் ஒன்றோடொன்று பேசும் முறையை அறிதல் வேண்டும். அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஷெரிங்டன் 1897இல் ‘சினப்சு’ எனப் பெயரிட்ட நரம்பிணைப்பில், ஒரு மில்லிமீற்றரை ஐம்பதினாயிரமாய்ப் பகுத்தால் வரும் ஒரு பங்கினையொத்த இடைவெளி உண்டு. மின்துடிப்பாக வரும் செய்தி பெரும்பாலும் இரசாயனமாகவே அதனைக் கடக்கிறது. 1921இல் ஒட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் நரம்பைத் தூண்டினார். அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து மற்றோர் இதயத்தில் விட்டபோது அதுவும் மெதுவாய்த் துடித்தது. அத்திரவத்திற் செய்தி சுமந்தது அசற்றைல்கோலின். தசையை இயக்கும் நரம்பும் இதனையே சுரக்கிறது.

செய்தி சேர்வது மட்டும் போதாது, முடியவும் வேண்டும். அசற்றைல்கோலினை உடனே சிதைக்கும் நொதியம் ஒன்று அங்கேயே இருக்கிறது. சேதனப் பொசுபேற்றுப் பூச்சிகொல்லிகள் அந்நொதியத்தை முடக்குகின்றன. ஓயாத செய்தியால் தசை துடித்துத் தளர்கிறது. ட்ரைகிரெசைல் பொசுபேற்று இவற்றின் உறவினமே, ஆயினும் அதன் வழி வேறு. அது நரம்பினுள் உள்ள பிறிதொரு நொதியத்தைப் பற்றுகிறது. ஓரிரு வாரங்களின் பின் நரம்பிழைகளின் நுனிகள் அழியத் தொடங்குகின்றன. நீண்ட இழைகளே முதலில் வீழும். இணைப்பைக் கடக்கவேண்டிய செய்தி இணைப்பு வரை வந்து சேர்வதேயில்லை.

இது புதிதன்று. 1930இல் அமெரிக்காவில், மதுவிலக்குக் காலத்தில், ஏழைகள் மதுவுக்குப் பதிலாய் அருந்திய இஞ்சிச் சாற்றில் இதே நஞ்சு கலந்து பல்லாயிரவரை முடமாக்கிற்று. 1959இல் மொரோக்கோவில் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையலெண்ணெய் ஏறத்தாழப் பத்தாயிரம் பேரை வீழ்த்தியது. மூன்றிடத்தும் நஞ்சு, விலைகொடுத்து வாங்கிய பண்டமாகவே மக்களிடம் வந்தது.

ஆதலால் மலையக நிகழ்வினை ‘மூடவழக்கின் விளைவு’ என ஒதுக்குவது வசதியான தவறு. எள் விளையாத குளிர்மலையில் நல்லெண்ணெய் வாங்கும் பொருள்; எப்பீப்பாயில் அது வந்தது என்பதை லயத்துத் தாய் தீர்மானிக்கவில்லை, தீர்மானிக்கவும் முடியாது. வழக்கம் செய்தது ஒன்றே: பொதுச் சமையலில் சிறிதளவாய்ப் பரவியிருக்கக்கூடிய நஞ்சைத் தினந்தோறும் ஒரே உடலில் குவித்தது. அதனையும் அன்பின் பெயராலேயே செய்தது என்பதுதான் இந்நிகழ்வின் கொடுமை.

அழிந்த புற நரம்பு மெல்ல வளரும். கைகளிற் பலம் ஓரளவு மீளும். முண்ணாணின் நீள்பாதைகள் அவ்வாறு வளர்வதில்லை. கடுமையாய்ப் பாதிக்கப்பட்டோரின் காலில் விறைப்பு எஞ்சிவிடும். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கொழுந்து பறிப்பவள் கூடையைச் சுமந்து செங்குத்தான சரிவில் நாள்முழுதும் நிற்பது அந்தக் கால்களில்தான்.