தாசிங் முதல் திறன் எடைப்பொறி வரை: பேராக்கில் எடை பார்த்த வரலாறு



குளியலறைத் தரையில் கிடக்கும் ஒரு கண்ணாடி எடைப்பொறிக்கு மின்கலம் மாற்றுவதைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று நீங்கள் வினவலாம். என்னை எழுதத் தூண்டியவை இரண்டு. நான்காம் ஆண்டு முதல் நம் மாணவர்களுக்கு நடைபெறும் 'செகாக்' உடற்றகுதிச் சோதனையில் உயரமும் எடையும் எடுத்து உடல் நிறைக் குறியீடு கணக்கிடுகிறோம். அந்த நேரத்தில் எடைப்பொறி கண் மூடிக்கொள்வது பல பள்ளிகளில் ஆசிரியர்கள் அறிந்த தொல்லை. மற்றொன்று, எடை என்னும் சொல் பேராக் மாநிலத் தமிழர் வாழ்வில் கூலியோடு பிணைந்த சொல். எடைப்பொறி காட்டுவது மெய்யா பொய்யா என்ற கேள்வி நம்மவர்க்குப் புதியதன்று. அந்தக் கேள்வியின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

காட்டியும் பிக்கலும்

பேராக்கின் செல்வம் முதலில் ஈயம், பிறகு ரப்பர். இரண்டும் எடை போட்டு விற்கப்பட்ட பொருள்கள். 16 தாயில் ஒரு காட்டி. 100 காட்டி ஒரு பிக்கல். 3 பிக்கல் ஒரு பாரா. ஒரு காட்டி ஏறத்தாழ 605 கிராம், ஒரு பிக்கல் ஏறத்தாழ 60 கிலோகிராம். இன்றும் ஈப்போவின் பழைய சந்தைகளில் முதியவர்கள் 'அரைக் காட்டி' என்று கேட்பதைச் செவிமடுக்கலாம். சீன மருந்துக் கடைகளில் தாயில் கணக்கு முற்றாக மறையவில்லை.

இவற்றையெல்லாம் நிறுத்தது தாசிங். ஒரு நீண்ட கோல். அதன் ஒரு முனைக்கு அருகில் தூக்குக் கயிறு. குட்டையான பக்கத்தில் கொக்கி அல்லது தட்டு. நீண்ட பக்கத்தில் நகர்த்தக்கூடிய ஒரே ஒரு குண்டு. கோலின் மீது புள்ளிகள் பதிக்கப்பட்டிருக்கும். குண்டை நகர்த்தி, கோல் கிடைமட்டமாக நிற்கும் இடத்திலுள்ள புள்ளியைப் படித்தால் அதுவே எடை. நெம்புகோல் விதியை இதைவிட எளிமையாகக் காட்டும் கருவி இல்லை. தமிழில் இவ்வகைத் துலாக்கோலுக்கு வெள்ளிக்கோல் என்று பெயர். திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் துலாக்கோல் உவமையாக வருவதை ஆசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

தாசிங்கிலும் ஏமாற்று உண்டு. குண்டின் எடையைக் குறைத்தாலோ கூட்டினாலோ, எல்லா நிறுவைகளும் பிழையாகும். எனினும் அதன் உறுப்புகள் யாவும் கண்முன்னே தொங்கின. ஐயம் கொண்டவர் அடுத்த கடையில் நிறுத்துப் பார்க்க முடிந்தது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே கோலை ஒரே நேரத்தில் பார்த்தனர்.

1972ஆம் ஆண்டு எடைகள், அளவைகள் சட்டத்திற்குப் பின்னர் மலேசியா படிப்படியாக மெட்ரிக் முறைக்கு மாறியது. வணிகத்திற்குப் பயன்படும் எடைப்பொறிகள் குறித்த கால இடைவெளியில் சோதிக்கப்பட்டு முத்திரை பெற வேண்டும். மீன்கடைத் தராசில் ஒட்டப்பட்டிருக்கும் வில்லை அதற்குச் சான்று. வீட்டுக் குளியலறை எடைப்பொறிக்கு அத்தகைய முத்திரை ஏதும் இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்க.

பால் நிறுத்த கொட்டகை

1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, கோலாகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து சிலிம் ரிவர் வரை காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிய நம் முன்னோர் அத்தோட்டங்களில் பால் மரம் சீவினர்.

பொழுது விடியுமுன் பெரட்டு. குளிர்ந்த வேளையில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக ஓடும் என்பதால் இருட்டிலேயே நிரைக்குச் செல்ல வேண்டும். முற்பகலில் மங்குகளிலிருந்து பாலைச் சேர்த்து, வாளியைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவர். அங்கேதான் அன்றைய உழைப்பு எண்ணாக மாறும். சில தோட்டங்களில் பாலைக் காலன் கணக்கில் அளந்தனர். சிலவற்றில் வாளியோடு நிறுத்து, வாளியின் எடையைக் கழித்தனர்.

ஆயினும் பாலின் எடை ரப்பரின் எடையாகாது. புதிய பாலில் ரப்பர் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். மழை, மர வகை, பருவம் ஆகியவற்றைப் பொறுத்து அது கூடும், குறையும். ஆகவே கிராணி 'மெட்ரோலாக்' என்னும் மிதவையைப் பயன்படுத்தினார். ரப்பர் நீரைவிட இலேசானது. எனவே ரப்பர் மிகுந்த பாலில் மிதவை ஆழமாக இறங்கும். நீர் கலந்த பாலில் மேலே எழும்பி நிற்கும். கெட்டியான பாலில் மிதவை தடைபடும் என்பதால், ஒரு பங்கு பாலோடு இரு பங்கு நீர் கலந்து, வந்த எண்ணை மூன்றால் பெருக்குவது வழக்கம். பாலின் அளவையும் மிதவையின் எண்ணையும் பெருக்கினால் உலர்ந்த ரப்பரின் எடை கிட்டும். உற்பத்திக்கேற்பக் கூலி பெற்றவர்களின் சம்பளம் இந்த எண்ணில்தான் நின்றது.

இது ஒரு மதிப்பீடே. ஒரே அளவு ரப்பர் உள்ள இரு பால்களில், அவற்றின் நீர்ப்பகுதியில் கரைந்துள்ள பொருள்கள் வேறுபட்டால் மிதவையும் வேறுபடும். சரியான விடை வேண்டுமென்றால் ஒரு சிறு மாதிரியை உறைய வைத்து, உருட்டி, உலர்த்தி, நிறுக்க வேண்டும். அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். வாளியோடு வரிசையில் நிற்பவர் அதுவரை காத்திருக்க இயலாது.

ஆகவே ஐயம் இரு பக்கமும் இருந்தது. தொழிலாளர் நீர் கலக்கின்றனரோ என்று நிருவாகம் ஐயுற்றது. கிராணி குறைத்து எழுதுகின்றாரோ என்று தொழிலாளர் ஐயுற்றனர். மிதவையின் எண்ணைப் படிப்பவர் கிராணி. கணக்கேட்டில் எழுதுபவரும் அவரே. எழுத்தறியாத ஒரு தாய்க்கு அந்த ஏடு ஓர் இருட்டறை. தோட்டத்து முதியவர்களோடு உரையாடினால் 'நிறுவை' பற்றிய கசப்பு இன்றும் வெளிப்படும். 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது, கூலிக் கணக்கைக் கேட்டுப் பேச ஓர் அமைப்பு கிடைத்தது. பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரின் ஆசைகளில் ஒன்று, எழுதப்பட்ட எண்ணைத் தம் பிள்ளையாவது படிக்க வேண்டும் என்பதாகும். இந்த ஒன்றை நாம் மறத்தல் ஆகாது.

மின்கலம் தோட்டத்திற்கு வந்த கதை

தொடக்கத்தில் நிரைக்கு வெளிச்சம் தந்தது கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைடில் நீர் சொட்டினால் எழும் அசெட்டிலின் வாயு எரியும். பின்னர் நெற்றியில் கட்டிய பேட்டரி விளக்கு வந்தது. பல தோட்டங்களில் லயங்களுக்கு மின்சாரம் மாலையில் சில மணி நேரமே கிட்டிய காலத்தில், கைவிளக்கும் வானொலியும் மின்கலத்தையே நம்பியிருந்தன. வானொலியில் தமிழ்ச் செய்தி கேட்பதற்காக மின்கலத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினர். சோர்ந்துபோன மின்கலத்தை வெயிலில் வைத்து மீண்டும் போடுவது வீட்டுக்கு வீடு நடந்த செயல்.

அதில் ஓரளவு அறிவியல் உண்டு. வெப்பத்தில் மின்கலத்தினுள் வேதிவினை விரைவாகும். ஓய்விலிருக்கும்போது மின்னழுத்தம் சற்று மீளும். இழந்த ஆற்றல் திரும்பி வருவதில்லை. வெடிப்பும் கசிவும் நேரும் இடர் இருப்பதால் இன்று இதனைச் செய்தல் கூடாது.

திறன் எடைப்பொறியின் உள்ளே

1938இல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸ், ஆர்தர் ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு கருவியைக் கண்டறிந்தனர். ஓர் உலோகம் வளையும்போது, அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பி நீளும்; அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால் சுமை தெரியும். செம்பனை ஆலை வாசலில் லாரியை நிறுக்கும் நவீன மேடைக்கும், நம் குளியலறைக் கண்ணாடிப் பலகையின் நான்கு கால்களுக்கும் இதுவே அடிப்படை. 2009இல் வைஃபை இணைப்புள்ள எடைப்பொறி சந்தைக்கு வந்தது. எடை இப்போது திறன்பேசிக்குத் தானே பயணம் செய்கின்றது.

இங்கேதான் மின்கலத் தொல்லை தொடங்குகின்றது. தொல்லைகளை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது: பொறியிலிருந்து கழற்றிய மின்கலம் சுவர்க் கடிகாரத்தில் நன்றாக ஓடும். 'நல்ல மின்கலத்தை ஏன் மாற்றச் சொல்கின்றது?' என்று சினம் எழும். கடிகாரத்திற்கு மிகச் சிறு மின்னோட்டம் போதும். வைஃபை, புளூடூத் வழியே செய்தி அனுப்பும் நொடியில் எடைப்பொறி ஒரே மூச்சில் அதிக மின்னோட்டம் இழுக்கும். பழைய மின்கலத்தின் உள்தடை உயர்ந்திருப்பதால் அப்போது மின்னழுத்தம் சரிந்துவிடும், பொறி அணையும்.

இரண்டாவது: மீள்மின்னேற்றம் செய்யும் மின்கலத்தைப் போட்டால், புதிதாக இருந்தும் 'மின்கலம் குறைவு' என்று காட்டலாம். சாதாரண அல்கலைன் மின்கலம் 1.5 வோல்ட், மீள்மின்னேற்ற நிக்கல் வகை 1.2 வோல்ட். நான்கு போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 வோல்ட்டே கிட்டும்.

மூன்றாவது: புதியதையும் பழையதையும் கலந்து போடுதல். சோர்ந்த மின்கலம் மற்றவற்றால் வலிந்து இயக்கப்பட்டுக் கசியும். நம் ஊர் ஈரத்தில் வெண்மையான உப்புப் படிந்து, தொடுமுனைகள் அரிக்கப்படும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுக. நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் கழற்றி வைத்திடுக.

நான்காவது: மாற்றியவுடன் ஏறி நிற்றல். மின்கலம் மாறியதும் பொறி தன் பூச்சியத்தைப் புதிதாகக் கண்டறிய வேண்டும். கடினமான, தட்டையான தரையில் வைத்து, ஒருமுறை காலால் அழுத்தி, 0.0 தோன்றி அணையும் வரை காத்திருந்த பின்னரே ஏறுதல் வேண்டும். சில பொறிகளில் திறன்பேசியுடன் மீண்டும் இணைப்பும் ஏற்படுத்த வேண்டியிருக்கும்.

பெற்றோர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சில எடைப்பொறிகள் சி.ஆர்.2032 என்னும் நாணய வடிவ லித்தியம் மின்கலத்தைக் கொண்டவை. சிறு குழந்தை அதனை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்திலேயே கடும் புண் உண்டாகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே உடனே மருத்துவமனைக்குச் செல்க. வாந்தி எடுக்க வைக்க வேண்டா. பழைய மின்கலத்தையும் மேசைமேல் விட்டு வைக்க வேண்டா. அதிலும் தீங்கு விளைவிக்கும் ஆற்றல் எஞ்சியிருக்கும்.

வகுப்பறையில் எடையைச் சோதிப்போம்

தாசிங்கில் குறை இருந்தால் கண்ணால் காண முடிந்தது. மெட்ரோலாக்கில் பாதி தெரிந்தது, பாதி கிராணியின் கையில் இருந்தது. திறன் எடைப்பொறியில் எண் மட்டுமே தெரிகின்றது. அந்த எண் தசமத்தோடு ஒளிர்வதால் நாமும் ஐயமின்றி நம்பிவிடுகிறோம்.

1.30 மீட்டர் உயரமுள்ள ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். எடை 30 கிலோகிராம் என்றால் உடல் நிறைக் குறியீடு 17.8. பொறி இரண்டு கிலோகிராம் கூட்டிக் காட்டினால் அது 18.9 ஆகிவிடும். வயதுக்கேற்ற எல்லைக்கோட்டின் அருகில் நிற்கும் பிள்ளை, அந்தப் பிழையால் வேறு பிரிவில் சேர்க்கப்படுவாள். சக மாணவர் முன் அதை உரக்கப் படித்தால், அவள் மனத்தில் அது எத்தனை ஆண்டு தங்கும் என்பதை ஆசிரியர்கள் அறிவர். அன்று எண் பிழைத்தால் கூலி குறைந்தது. இன்று பிழைத்தால் ஒரு பிள்ளையின் மனம் வாடுகின்றது.

ஆகவே சோதனை நாளுக்கு முன் மாணவர்களைக் கொண்டே எடைப்பொறியைச் சோதிக்கச் செய்யலாம். 10 கிலோகிராம் அரிசி மூட்டை ஒன்று போதும். ஒரு மாணவர் முதலில் தனியே நிற்கட்டும். பின்னர் மூட்டையைத் தாங்கி நிற்கட்டும். வேறுபாடு 10 கிலோகிராமுக்கு மிக அருகில் வர வேண்டும். மூன்று முறை செய்து மூன்று எண்களையும் ஏட்டில் எழுதட்டும். மும்முறையும் வெவ்வேறு எண் வந்தால் தரையையும் மின்கலத்தையும் பார்க்க வேண்டும். எண்கள் ஒத்திருந்தும் பத்திலிருந்து விலகினால் அந்தப் பொறியை ஒதுக்கி வைப்பதே நன்று. பிள்ளைகளின் எடையைத் தனித்தனியே, பிறர் காதில் விழாமல் குறித்துக்கொள்வோம்.

கணிதப் பாடத்தில் பொருண்மை நடத்தும்போது ஒரு மரக்கோல், கயிறு, மணல் நிரப்பிய பை ஆகியவற்றைக் கொண்டு ஒரு தாசிங் செய்து பார்க்கவும் வேண்டுகிறேன். அதற்கு மின்கலம் வேண்டா. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், தோட்டத்தில் பால் எப்படி நிறுக்கப்பட்டது, யார் எழுதினார் என்று பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும். பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்தக் கொட்டகைகளைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் உள்ளனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.