ரிப்பன் பிரபுவும் நம் கன்டோன்மென்ட்டும்

"நாம எப்படிப்பா பெங்களூர்க்காரங்க ஆனோம்?" என்று பிள்ளைகள் கேட்டால், காக்ஸ் டவுன்வாசிகளாகிய நாம், "தாத்தா காலத்துலேயே வந்துட்டோம்" என்று முடித்துவிடுகிறோம். அந்தத் தாத்தா காலத்தின் பின்னணியில் ரிப்பன் பிரபுவுக்கு ஒரு முக்கிய இடம் உண்டு.

ஜார்ஜ் ராபின்சன் என்ற இயற்பெயர் கொண்ட இவர், 1827-இல் லண்டன் டவுனிங் தெரு 10-ஆம் எண் இல்லத்தில் பிறந்தார். அப்போது இவர் தந்தைதான் பிரதமர்! நாடாளுமன்ற உறுப்பினராகி, யுத்த மந்திரி, இந்தியா மந்திரி பதவிகளை வகித்தார். 1871-இல் அமெரிக்காவோடு இருந்த பழைய தகராறுகளைத் தீர்த்த வாஷிங்டன் உடன்படிக்கையில் பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமை தாங்கி, மார்க்விஸ் பட்டம் பெற்றார். 1874-இல் கத்தோலிக்கரானதும் இவரது அரசியல் வாழ்வு முடிந்தது என்று பலர் எண்ணினர். ஆனால் 1880-இல் வைசிராயாக இந்தியா வந்தார்.

தாய்மொழிப் பத்திரிகைகளை நெரித்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1882-இல் நீக்கினார். அதே ஆண்டு உள்ளாட்சிக்கு வழிவகுத்த தீர்மானத்தையும் வெளியிட்டார். சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை இவர் பெயரைத் தாங்கி நிற்பது இதனால்தான்.

நமக்குச் சம்பந்தப்பட்ட சங்கதி 1881-இல் நடந்தது. 1831 முதல் ஆங்கிலேயர் கையிலிருந்த மைசூர் ஆட்சி, மார்ச் 25 அன்று சாமராஜேந்திர உடையாரிடம் திரும்பியது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தாலும், நிறைவேறியது ரிப்பன் காலத்தில்தான். ஆனால் ராஜ்யத்தைக் கொடுத்தவர்கள் கன்டோன்மென்ட்டை மட்டும் கொடுக்கவில்லை! படை தங்கிய சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷன் ஆங்கிலேயர் வசமே நின்றது. பின்னாளில் காக்ஸ் டவுன் எழுந்த பகுதியும் அதற்குள் அடங்கும்.

1809-இல் கன்டோன்மென்ட் உருவானது முதலே, சென்னை ராணுவத்தோடும் அதை நம்பிய தொழில்களோடும் நம்மவர் வந்து குடியேறியிருந்தனர். பேட்டையில் மகாராஜா ஆட்சி, இந்தப் பக்கம் வெள்ளைக்கார ஆட்சி என ஒரே ஊரில் இரண்டு நகரங்கள் வளர்ந்தன. 1947 ஜூலையில்தான் இந்தப் பகுதி மைசூரிடம் வந்தது. இடையில் 66 ஆண்டுகள்! பக்கத்திலேயே இருந்தும் கன்னடம் பேசும் பேட்டையும் தமிழ் ஒலித்த கன்டோன்மென்ட்டும் ஒன்றையொன்று அதிகம் அறியாமல் போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

உள்ளாட்சி தந்த நல்லவர் காலத்தில்தான் இந்தக் கோடும் உறுதியானது. கோடு போட்டது நம் பாட்டன்மாரும் அல்ல, பேட்டைக்காரர்களும் அல்ல. இதை நம் பிள்ளைகள் தெரிந்துகொண்டால், அக்கம்பக்கத்துக் கன்னட நண்பர்களோடு இன்னும் மனம்விட்டுப் பழகுவார்கள்.